நடந்து பார்க்காதவர்களின் தீர்ப்பு

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்கள் என்று சொல்லப்படுபவை, நெய்யாற்றின் கரையில் தொடங்கித் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம் தொடங்கும் இடம் வரை பரந்து கிடப்பவை. மேற்கே பொழியூர்க் கடற்கரை, கிழக்கே வெள்ளறடையின் மலைகள். நடுவில் அமரவிளை, உதியன்குளங்கரை, செங்கல், தனுவச்சபுரம், காரக்கோணம், பாறசாலை, இஞ்சிவிளை. வடமுனையில் நெய்யாற்றின்கரை, தென்முனையில் களியக்காவிளை. இரண்டும் பழைய சந்தை ஊர்கள். தேசிய நெடுஞ்சாலை 66 இவற்றை இணைக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் கார்கள் இந்தத் தூரத்தை ஜன்னலைக்கூட இறக்காமல் கடந்துவிடுகின்றன.

இப்படிக் கடந்துபோகிறவர்களிடமிருந்து ஒரு தீர்ப்பு பிறந்து நிலைத்துவிட்டது. குழந்தை குட்டிகளோடு நாட்டுப்புறத்தில் காலாற நடப்பது வெள்ளைக்காரர் வழக்கம், நமக்கு ஒவ்வாது என்பது அதன் முதல் பகுதி. இந்த எல்லைப் பகுதியில் பார்க்க ஒன்றும் இல்லை என்பது இரண்டாவது. இருந்தாலும் வெயிலும் மழையும் நாயும் வண்டியும் குழந்தைகளை நடக்க விடா என்பது மூன்றாவது. வசதிகள் செய்து தராமல் யாரும் வரமாட்டார்கள் என்பது நான்காவது. நடைவழிகளே அழிந்துவிட்டன, மிஞ்சியவற்றில் நடக்க யாருக்கும் உரிமை இல்லை என்பது ஐந்தாவது. ஐந்தையும் வரிசையாகச் சோதித்தால் முதல் நான்கு நிற்பதில்லை. ஐந்தாவதில் மட்டும் ஓரளவு உண்மை இருக்கிறது. அந்த உண்மையும் தீர்ப்புக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

முதல் வாதத்தின் பலம் இங்கிலாந்து உதாரணம். அங்கே கெண்டல், லட்லோ, ஹெக்சம் போன்ற சந்தை ஊர்களைச் சுற்றிக் குடும்பங்கள் நடப்பது நெடுநாள் வழக்கம்தான். ஊர் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு, தேவாலயத்தை ஒட்டிய சந்தில் நுழைந்து, வயல் ஓரமாக ஆற்றுக்கு இறங்கி, நாலைந்து கிலோமீட்டர் சுற்றி மறுபடியும் ஊருக்கே வந்து தேநீர் குடிப்பார்கள். ஆனால் அந்தப் பாதைகள் இயற்கை அள்ளிக் கொடுத்தவை என்று நினைப்பது தவறு. அவை பெரும்பாலும் தனியார் வயல்களின் ஊடே போகின்றன. பண்ணையிலிருந்து சந்தைக்கும், வீட்டிலிருந்து தேவாலயத்துக்கும் பிழைப்புக்காக நடந்தவர்கள் உண்டாக்கிய வழிகள் அவை. நிலவுடைமையாளர்கள் வேலி போட்டு அடைத்தபோது நடப்பவர்கள் சண்டை பிடித்தார்கள். 1932 ஏப்ரல் 24-இல் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் தடையை மீறி ஏறிய நூற்றுக்கணக்கான தொழிலாளர்களில் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949-இல் தேசியப் பூங்காக்கள் மற்றும் நாட்டுப்புற அணுகல் சட்டம் வந்த பிறகுதான் மாவட்டம் தோறும் பொது நடைவழிகளைக் கணக்கெடுத்து வரைபடத்தில் ஏற்ற வேண்டிய கட்டாயம் உண்டானது. ஆங்கிலேயரின் ஞாயிற்றுக்கிழமை நடை இப்படிச் சட்டமும் வரைபடமும் சேர்ந்து காத்த வழக்கம்.

வழிக்காகச் சண்டை பிடித்த வரலாறு நெய்யாற்றின்கரை வட்டாரத்துக்கு இதைவிடப் பழையது. பொதுச்சாலையில் நடக்கவே சாதி பார்த்து அனுமதித்த திருவிதாங்கூரில், வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1893-இல் வில்வண்டி ஏறித் தன் சாதிக்குத் தடுக்கப்பட்ட சாலையில் போனார். அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் இதே வழியுரிமைக்காக அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் திரண்டு சென்றபோது பாலராமபுரம் சாலியர் தெருவில் மோதல் வெடித்தது. கிண்டர் ஸ்கவுட்டுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தவை இவை. அங்கே பணக்காரனின் வேலி, இங்கே சாதியின் வேலி. இரண்டு இடத்திலும் எழுந்த கேள்வி ஒன்றே: வழி யாருக்கு? இந்தக் கேள்விக்கு அடி வாங்கிப் பதில் பெற்ற மண்ணைப் பார்த்து, நடை இவர்களுக்கு அந்நியம் என்று சொல்வது வரலாறு தெரியாத பேச்சு.

நடக்கும் பழக்கமும் இங்கே அற்றுப்போகவில்லை. ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய தெய்வங்களின் ஊர்வலம் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறது. முதல் இரவு குழித்துறையிலும் அடுத்த இரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலிலும் தங்கல். களியக்காவிளையில் கேரள அரசின் வரவேற்பும் காவல்துறை மரியாதையும் உண்டு. யானையோடும் பல்லக்கோடும் மக்கள் நடக்கும் அந்த வழி இந்த எல்லைக் கிராமங்களின் ஊடாகத்தான் போகிறது. எல்லைக்குத் தெற்கே, முன்சிறையை ஒட்டிய திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் சிவாலய ஓட்டத்தில், சிவராத்திரியை ஒட்டிப் பன்னிரண்டு கோயில்களுக்குப் பக்தர்கள் கையில் விசிறியோடு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியும் நடந்தும் தீர்க்கிறார்கள். வெள்ளறடைப் பக்கம் எல்லையிலேயே நிற்கும் தெக்கன் குருசுமலையில் 1957 முதல் தவக்காலத்தில் குடும்பம் குடும்பமாக ஏறுகிறார்கள். இவையெல்லாம் பக்தி, உல்லாசம் வேறு என்று ஒரு மறுமொழி வரலாம். மலை ஏறி இறங்கும் பிள்ளைகளின் கால்கள் அந்த வேறுபாட்டை அறியமாட்டா. தலைச்சுமையோடு சந்தைக்குப் போனவர்களுக்காக நட்ட சுமைதாங்கிக் கற்களும், இளைப்பாறக் கட்டிய வழியம்பலங்களும் திருவிதாங்கூர்ச் சாலைகள் எங்கும் இருந்தன. கார் வந்து இரண்டு தலைமுறைதான் ஆகிறது.

ஆங்கிலச் சந்தை ஊருக்கும் இந்த எல்லைக்கும் நேரடியான ஓர் உறவுகூட உண்டு. காரக்கோணத்தின் சிஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி தாங்கியிருப்பது டாக்டர் சாமர்வெல் பெயரை. தியோடர் ஹோவர்ட் சாமர்வெல் 1890-இல் கெண்டலில் பிறந்தவர். அவர் குடும்பம் அங்கே காலணித் தொழிற்சாலை நடத்தியது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் ஏறிய அவர், முதல் பயணம் முடிந்து ஊர் சுற்றியபோது தென் திருவிதாங்கூரின் நெய்யூர் மருத்துவமனையில் நோயாளிகள் குவிந்து கிடந்ததைக் கண்டு அங்கேயே அறுவை மருத்துவராகத் தங்கிவிட்டார். உலகின் உச்சிக்கு அருகே வரை நடந்த கெண்டல்காரர் தன் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழிக்கத் தேர்ந்துகொண்டது இந்த நாட்டை. இங்கே ஒன்றும் இல்லை என்று காருக்குள்ளிருந்து சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பார்க்க ஒன்றும் இல்லை என்ற இரண்டாவது வாதத்துக்கு இடங்களே மறுப்பு. நெய்யாற்றின்கரையிலிருந்தே தொடங்கலாம். திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய கிருஷ்ணசுவாமி கோயிலின் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு இருக்கிறது. தன் எதிரிகளான எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்குத் தப்பி, இளவரசராக இருந்த மார்த்தாண்ட வர்மா ஒளிந்துகொண்டதாகச் சொல்லப்படும் பொந்துள்ள பலா மரம் அது. தொல்லியல் துறை அதைப் பாதுகாக்கிறது. ஓர் அரசன் மரப்பொந்துக்குள் ஒளிந்த கதையைக் கேட்டு முகம் சுளிக்கும் எட்டு வயதுப் பிள்ளை எங்கும் கிடையாது. கோயிலை ஒட்டி ஆறு. அரசின் ஊழலை எழுதியதற்காக 1910-இல் நாடு கடத்தப்பட்ட சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை பிறந்தது இந்த வட்டாரத்தில்தான். திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை 1947-இல் டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து நிறுவிய ஜி. ராமச்சந்திரனும் இந்த ஊர்க்காரர்.

ஊரிலிருந்து நெய்யாற்றின் மேல்போக்கில் சில கிலோமீட்டரில் அருவிப்புரம். 1888 சிவராத்திரி அன்று ஸ்ரீ நாராயண குரு ஆற்றுக் கயத்தில் மூழ்கி எடுத்த கல்லைச் சிவலிங்கமாக நிறுவிய இடம் இது. சாதியின் அதிகாரத்தை ஓசையில்லாமல் உடைத்த அந்தச் செயல் கேரள வரலாற்றைத் திருப்பியது. கோயிலுக்குப் பக்கத்தில் குரு தவமிருந்த கொடிதூக்கிமலை நிற்கிறது. சின்னக் குழந்தைகள் ஆற்றங்கரைக் கோயிலோடு நிற்கலாம், பெரிய பிள்ளைகள் மலையும் ஏறலாம். ஆற்றோரம், கோயில், குன்று, திரும்பி வர ஊர்ப் பேருந்து என்று ஒரு காலைக்கு இதைவிடப் பொருத்தமான நடையை ஆங்கில வழிகாட்டி நூல் எழுதுபவரும் திட்டமிட முடியாது.

நெய்யாற்றுக்குத் தெற்கே ரயில் பாதையே நடையைப் பங்கிட்டுத் தருகிறது. 1979-இல் திறந்த திருவனந்தபுரம்–நாகர்கோவில் பாதையில் நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை, மேற்குக் குழித்துறை என நிலையங்கள் நெருக்கமாக வருகின்றன. பாசஞ்சர் ரயிலில் ஒரு நிலையத்தில் இறங்கி அடுத்த நிலையம் வரை உள்வழிகளில் நடந்து, அங்கே ரயில் ஏறித் திரும்பிவிடலாம். வழி நெடுக விளைகள்: தென்னை, ரப்பர், மரச்சீனி, நல்லமிளகு, பலா, அயனி. பள்ளத்தில் இறங்கினால் ஏலா எனப்படும் வயல்வெளி. நெல் விளைந்த ஏலாக்களில் இப்போது வாழையும் மரச்சீனியும்தான் அதிகம். நிலத்தின் பொருளாதாரம் எப்படி மாறியது என்பதைப் பிள்ளைக்குக் காட்ட இந்த வரப்பு போதும். ரப்பர் மரத்தில் சிரட்டை கட்டியிருப்பதும், கோடு கீறிப் பால் வடிப்பதும், பாலைத் தகடாக்கிக் கொடியில் காயப் போடுவதும் நகரத்துப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் மட்டுமே கண்டவை.

பாறசாலை மகாதேவர் கோயிலிலிருந்து இஞ்சிவிளை வழியாகக் களியக்காவிளைச் சந்தைக்கு நடப்பது எல்லையைக் காலால் அறிவதாகும். கடைப் பலகைகளில் மலையாளம் குறைந்து தமிழ் கூடிவரும். பேச்சு மட்டும் கோடு போட்டதுபோல் மாறிவிடாது. இரண்டும் கலந்த ஒரு பேச்சு இருபுறமும் கேட்கும். சந்தையில் மீனும் வாழைக்குலையும் காய்கறியும் வண்டி வண்டியாக வந்து இறங்கும். இன்னும் தெற்கே போக விருப்பமுள்ளவர்களுக்கு மார்த்தாண்டம் பக்கம் சிதறால் மலையில் 9-ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. பிற்காலத்தில் பகவதி கோயிலான அந்தக் குகைத்தலத்துக்குக் கல் பாவிய பாதையில் முந்திரி மர நிழலோடு ஏறலாம். முன்சிறைக்கு அருகே பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல் கோயிலும் 95 மாணவர்கள் உண்டு தங்கிப் படிக்கும் சாலையும் அமைத்ததைச் செப்பேடு சொல்கிறது. கெண்டல் தன் சந்தை உரிமையைப் பெற்றதோ அதற்கு வெகுகாலம் பின், 1189-இல்.

மூன்றாவது வாதம் வெயில், மழை, நாய், வண்டி பற்றியது. இதில் பொய் இல்லை, மிகைதான் உண்டு. நண்பகலில் நடந்தால் எந்தக் குழந்தையும் வாடும். ஆனால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் நடுவே இந்தப் பகுதி குடை தேவைப்படாத அளவுக்கு இதமானது. மரங்கள் அடர்ந்த விளைகளின் நடுவே போகும் இடவழிகளில் நெடுஞ்சாலையின் வெக்கை எட்டாது. ஆங்கில வயல்வெளியில் நிழல் கிடைப்பது அரிது. அங்கே மழைக்கும் சேற்றுக்கும் பயந்தால் ஆண்டில் பாதி நாள் வீட்டில்தான் இருக்க வேண்டும். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையிலும், அக்டோபர், நவம்பர் வடகிழக்கு மழையிலும் ஏலாக்களையும் ஆற்றுப்படிகளையும் தவிர்ப்பது அவசியம். தேங்கிய நீரில் வெறுங்காலோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. பாம்பு புதரில் இருக்கும், பாதையின் நடுவில் நடப்பவரை அது தேடி வருவதில்லை. பொழியூர், பூவாறு கடலில் குழந்தைகளை இறக்கவே கூடாது. அங்கே கரை செங்குத்தாக இறங்கும், அலை காலை வாரும். நெய்யாறு கடலில் கலக்கும் பொழிமுகத்தை மணலில் நின்று பார்ப்பதோடு முடித்துக்கொள்ளலாம்.

தெருநாய் உண்மையான சிக்கல்தான். அதற்கான தீர்வு இனப்பெருக்கக் கட்டுப்பாடும் தடுப்பூசியும் குப்பை அகற்றலும். பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளுக்கும் விடியலில் ரப்பர் வெட்டப் போகிறவர்களுக்கும் அந்தத் தீர்வு தேவை. நாய்க்குப் பயந்து நடையைக் கைவிடச் சொல்வது, ஊரில் தினமும் நடந்தே ஆகவேண்டியவர்களை நாயிடம் விட்டுவிடச் சொல்வதாகும். வண்டிகளைப் பொறுத்தவரை ஆபத்து நெடுஞ்சாலையில் இருக்கிறது. அதைக் கடக்கும் இடங்களைக் குறைத்து வழியைத் தேர்ந்தால் போதும்.

ஊர் நெருக்கத்தையும் சிலர் குறையாகச் சொல்வார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,500 பேர். வீடுகள் முடியாத இடத்தில் நாட்டுப்புறம் ஏது என்பது அவர்கள் கேள்வி. குழந்தைகளோடு நடப்பவருக்கு இந்த நெருக்கமே வசதி. தாகம் எடுத்தால் ஒரு வாசலில் தண்ணீர் கிடைக்கும், கால் வலித்தால் அடுத்த முக்கில் ஆட்டோ நிற்கும், பசித்தால் தட்டுக்கடையில் தோசை கிடைக்கும். ஆளரவமற்ற வெளியைத் தேடுபவர்கள் அகத்தியமலைக்குப் போகட்டும். அது வேறு வகை நடை.

வசதிகள் செய்து தர வேண்டும் என்ற நான்காவது வாதம் நல்லெண்ணம் போலத் தோன்றும். நடைமுறையில் வசதி என்றால் வாகன நிறுத்தம், நுழைவுச் சீட்டு, சிமென்ட் யானை, செல்ஃபி மேடை என்றே பொருள் கொள்ளப்படுகிறது. பூவாற்றில் விடுதிகளும் படகுச் சவாரியும் பெருகின. அங்கே வருபவர் காரிலிருந்து படகுக்கும் படகிலிருந்து அறைக்கும் போகிறார், கிராமத்தில் அவர் கால் படுவதே இல்லை. செங்கல் கோயிலின் 111 அடி உயரச் சிவலிங்கத்தைக் காண வரும் கூட்டமும் வண்டியில் வந்து வண்டியில் போகிறது. நடப்பவருக்கு வேண்டியவை சில்லறைச் செலவுகள்: திருப்பத்தில் ஒரு கைகாட்டி, ஆற்றுப்படியில் ஒரு கைப்பிடி, சுத்தமான கழிவறை, மழையில் வழுக்காத ஓர் ஓடைப்பாலம். இவற்றில் ஒவ்வொன்றும் ஊராருக்கே முதலில் தேவைப்படுவது. விருந்தாளிக்காகத் தனியே செய்ய வேண்டியது மிகக் குறைவு.

ஐந்தாவது வாதத்தில்தான் நிறுத்தி யோசிக்க வேண்டியது இருக்கிறது. பழைய ஊடுவழிகள் பல சுவருக்குள் போய்விட்டன. ஏலாக்கள் மண்ணிட்டு மேடாக்கப்பட்டன. 2008-இல் கேரளம் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது அந்தச் சேதத்தைக் கண்டுதான். நெய்யாறு இடதுகரைக் கால்வாய் வழியே தமிழ்நாட்டின் விளவங்கோட்டு வயல்களுக்கு வந்த தண்ணீரைக் கேரளம் 2004-இல் நிறுத்தியது. தண்ணீர் ஓடாத கால்வாயின் கரையைச் செதுக்க யாரும் அக்கறைப்படமாட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பூவாற்றிலிருந்து தெற்கே வெட்டிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய், சுருக்கமாக ஏவிஎம் கால்வாய், பல இடங்களில் தூர்ந்து போயிருக்கிறது.

உரிமையே இல்லை என்பது மட்டும் சரியன்று. இங்கிலாந்தில் 20 ஆண்டுகள் மக்கள் தடையின்றி நடந்த வழியைப் பொதுவழி என்று கொள்ள 1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் இடம் தருகிறது. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டமும் 20 ஆண்டுப் பயன்பாட்டைத்தான் அளவுகோலாக வைக்கிறது. வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. ஆங்கிலச் சட்டம் நடந்துவரும் எவருக்கும் வழியைத் திறக்கிறது. இந்தியச் சட்டம் பெரும்பாலும் பக்கத்து நிலத்துக்காரருக்கும், ஊர் வழக்கத்தின் பேரில் அந்த ஊராருக்கும் உரிமை தருகிறது. இந்த இடைவெளியை நிரப்பக் கருவி இல்லாமலும் இல்லை. 1994-ஆம் ஆண்டின் கேரள பஞ்சாயத்துராஜ் சட்டம் ஊர்ப் பொதுவழிகளைக் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பில் வைத்திருக்கிறது. பஞ்சாயத்தின் சொத்துப் பதிவேட்டில் ஏறிய வழியை யாரும் எளிதில் சுவருக்குள் இழுத்துக்கொள்ள முடியாது. கார் போகும் வழிகள் ஏறிவிடுகின்றன. ஒற்றையடிப்பாதையும் வரப்புவழியும் ஆற்றுப்படிக்கு இறங்கும் இடவழியும் விடுபடுகின்றன. ஆகவே வழிகள் அழிவதற்குக் காரணம் நடக்க ஒன்றுமில்லாதது என்று சொல்வது காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றுவதாகும். எழுதி வைக்காததால் அழிகின்றன. நடப்பவர் குறைந்ததால் கேட்பாரற்று அழிகின்றன. குடும்பங்கள் மீண்டும் நடக்கத் தொடங்கினால் பதிவுக்கான கோரிக்கைக்கு ஆள்பலம் வரும்.

இந்தத் தீர்ப்பு ஏன் இவ்வளவு காலம் மறுப்பின்றி நின்றது என்ற கேள்விக்கும் விடை எல்லையில் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை இது ஒரே நிர்வாகத்தின் தொடர்ச்சியான நிலம். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்தோடு இணைக்கக் கேட்ட வட்டங்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகியவை அப்போதைய சென்னை மாநிலத்துக்குப் போயின, நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. அன்று முதல் இரு மாநிலங்களின் சுற்றுலா வரைபடங்களும் இந்தக் கோட்டில் முடிகின்றன. கேரளத்தின் கண் கோவளத்தோடு நின்றுவிடுகிறது, தமிழ்நாட்டின் கண் பத்மநாபபுரத்தோடு. இரண்டு பார்வைகளின் விளிம்பில் விழுந்த நிலம் வெறுமையாகத் தெரிவதில் வியப்பில்லை. அருவிப்புரத்தையும் சிதறாலையும், அம்மச்சிப் பிலாவையும் பார்த்திவசேகரபுரத்தையும் ஒரே தாளில் குறித்தால், ஒரு வார விடுமுறை முழுவதும் காலைதோறும் குழந்தைகளோடு நடக்கப் போதுமான நாடு தெரியும்.

செய்ய வேண்டியவை மூன்று. எல்லையின் இருபுறப் பஞ்சாயத்துகளும் பேரூராட்சிகளும் நடைவழிகளைத் தனியே கணக்கெடுத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பள்ளிகள் அந்தக் கணக்கெடுப்பை மாணவர்களின் வேலையாக எடுத்துக்கொள்ளலாம். வழி தெரிந்த மூத்தவர்கள் இன்னும் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். மாநிலக் கோட்டைத் தாண்டும் ஒரே வரைபடம் இரு மொழியிலும் வர வேண்டும், அதில் தூரமும் நிழலும் தண்ணீரும் ரயில் நிலையமும் மழைக்காலத்தில் தவிர்க்க வேண்டிய இடங்களும் குறிக்கப்பட வேண்டும். தனியார் விளைகளின் ஊடே போகும் வழிகளில் நடப்பவர் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கும் அதிலேயே இருக்க வேண்டும்: திறந்த படலைச் சாத்துவது, பறிக்காமல் போவது, குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்வது. இவை எதற்கும் பெரிய நிதியோ புதிய சட்டமோ வேண்டியதில்லை. வழிகளும் நிலையங்களும் சந்தைகளும் கோயில்களும் இருக்கின்றன. இல்லாதது ஒரு பதிவேடு. பதிவேடு இல்லாததை நிலத்தின் குறையாகப் படித்ததுதான் இந்தத் தீர்ப்பின் பிழை.